மைதீன் தப்பாக வாசித்த நாள்

செவ்வாய்க்கிழமை காலை மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மைதீனின் மகள் ஷமீமா. கடைக்காரர்கள் கூவுகிற சத்தத்தில் முதல் தடவை எதுவும் கேட்கவில்லை. "கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா" என்றேன். பாவம், அந்தப் பெண் அதை இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டியதாயிற்று. "வாப்பா போயிட்டாங்க அங்கிள். காலைல தொழுகைக்கு எழுப்பப் போனேன்..." பொறுக்கிய காய்களைத் தராசிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். பிறந்ததிலிருந்து நடக்கிற தெருதான். எந்தப் பக்கம் போனால் ஸ்டேஷன் வரும் என்று யோசித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

செம்பூரில் அவன் இருந்த கட்டடத்துக்காரர்களும், டிராம்பேயில் அவனோடு வேலை பார்த்தவர்களுமான நீங்கள் அவனை 'சுபேதார் சாப்' என்றே அறிவீர்கள். நேரான முதுகு, வெட்டிவிட்ட வெள்ளை மீசை, லிஃப்ட் இருந்தாலும் படியேறிப் போகிற பிடிவாதம். அந்த மரியாதைக்காக 'அவர்' என்று எழுதித்தான் பார்த்தேன். யாரோ வேறொருவரைப் பற்றி எழுதுவது போல இருந்தது. ஆகவே 'அவன்' என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வயதில் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்த செய்யது மைதீனைப் பற்றிச் சொல்ல இப்போது நான் ஒருவன்தான் மிச்சம்.

நான் அவனை முதலில் காதால்தான் பார்த்தேன். சயான் பக்கம் ஒரு கல்யாண ஊர்வலம். பேண்டுக்காரர்கள் டிரம்பெட்டும் டிரம்முமாகத் தெருவை இரண்டாக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கூச்சலுக்குள் ஒரு கிளாரினெட் மட்டும் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டு போனது. நான் ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு ஊர்வலத்தின் பின்னால் நடந்தேன். வாசித்தவன் என் வயதுக்காரன். இரவல் சிவப்புக் கோட்டின் தோள் இரண்டும் முழங்கை வரை சரிந்திருந்தன. மண்டப வாசலில் பேண்டு நின்றதும் கிட்டே போய், "நீ தமிழா?" என்று கேட்டேன். "பின்ன, இங்கிலீஷ்காரனா?" என்று கோட்டைக் கழற்றினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எங்கள் மெல்லிசைக் குழுவில் சேர்ந்துவிட்டான். அதில் நான் போங்கோ தட்டுகிறவன். பகலில் ஃபோர்ட் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட்.

ஒத்திகை மாட்டுங்காவில் ஒரு மாவு மில்லின் மாடியில் நடக்கும். கீழே மில் ஓடும்போது தரை மெல்ல அதிரும். பலகை இடுக்கு வழியாக மாவு மேலே வந்து, மேற்கு ஜன்னல் வெயிலில் இறங்காமல் அப்படியே நிற்கும். அந்த வெள்ளைப் புகைக்குள் மைதீன் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பான். முடிக்கும்போது புருவமெல்லாம் நரைத்திருக்கும். தாராவியில் அவன் மாமாவின் பட்டறையில் கைப்பைகளுக்குத் தோல் வெட்டுகிற வேலை அவனுக்கு. விரல் நுனியில் எப்போதும் சாயம். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. பேண்டுக்காரர்களின் விரலைப் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டவன். "ஊதுறது பெரிய விஷயம் இல்லலே சங்கரா, எங்க நிறுத்தணும்னு தெரியணும்" என்பான். போங்கோக்காரனான எனக்கு நிறுத்தவே தெரியாது என்பது அதில் அடங்கிய கிண்டல்.

அவன் வாப்பா சீக்கிரமே இறந்துவிட்டார். உம்மா பாத்திமுத்துவும் அவனும் மட்டும். கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து பத்து வருஷமாகியும் அந்த அம்மாளுக்கு இந்தி பிடிபடவில்லை. "கடைக்குப் போவேன், விரலக் காட்டுவேன், குடுப்பான்" என்று சிரிப்பார். மகன் வீட்டில் வாசிக்கும்போது அவர் அரிசி களைந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ இருப்பார். கேட்பதாகவே தெரியாது. ஆனால் எங்காவது ஒரு சுரம் லேசாகப் பிசகினால் கை நின்றுவிடும். அவன் அதைச் சரிசெய்த பிறகுதான் கை மறுபடி நகரும்.

சீனச் சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஜவான்களுக்காக நிகழ்ச்சி நடத்துவது அப்போது எல்லாக் குழுக்களும் செய்த காரியம். பூனாவுக்குப் போகிற வழியில் ஒரு முகாமிலிருந்து எங்களுக்கும் அழைப்பு வந்தது. மதியம் போய் இறங்கி, மேடையில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தோம். மலைக்கு மேலே ஒரு விமானம் சுற்றியது. அதிலிருந்து புள்ளி புள்ளியாக ஏதோ உதிர்ந்தது. ஒவ்வொரு புள்ளியும் வெள்ளையாக விரிந்தது. பாராசூட்டில் ஆட்கள். விழுகிறார்கள் என்று சொல்ல முடியாது. நீலத்துக்குள் அசையாமல் நின்றுகொண்டே எப்படியோ நம்மிடம் நெருங்கிக்கொண்டிருந்தார்கள். நான் கையில் பிளக்கை வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றேன். மைதீன் மேடையை விட்டு இறங்கி, வெட்டவெளியில் போய் நின்றுகொண்டான்.

குதித்தவர்களில் ஒருவர் மதுரைப் பக்கத்துக்காரர். மெரூன் தொப்பியை மடித்துத் தோளில் செருகிக்கொண்டு, மேடை ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்தார். மைதீன் அவரிடம், "எப்படிண்ணே இருக்கும்?" என்று கேட்டான்.

"பிளேனுக்குள்ள காது கிழியும் தம்பி. வெளிய விழுந்து குடை விரிஞ்சிருச்சுன்னா ஒண்ணுமே இருக்காது. காதே இல்லாத மாதிரி. அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா கீழ இருந்து ஊரு கேக்க ஆரம்பிக்கும்."

"ஊரு கேக்குமா?"

"நாய் குலைக்கிறது, எவனோ கட்டை பிளக்கிறது, எல்லாம் கேக்கும். ஆனா நம்ம பக்கத்துல ஒரு சத்தமும் இருக்காது."

அன்று நிகழ்ச்சியில் அவன் வாசித்ததை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. எப்போதும் வாசிக்கிற பாட்டுகள்தான். இடையிடையே சும்மா இருந்தான். இரண்டு தட்டு, மூன்று தட்டு நேரம். நான் பதறிப்போய் அவன் இடத்தையும் சேர்த்துத் தட்டி நிரப்பினேன். இறங்கி வரும்போது, "ஏம்ல அவ்வளவு அவசரம் ஒனக்கு?" என்று மட்டும் கேட்டான்.

ஒரு மாதம் கழித்து சயான் கோட்டை மேட்டில் வைத்து விஷயத்தைச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கீழே உப்பளங்கள் கண்ணாடித் துண்டுகள் போலக் கிடந்தன. அதற்கப்பால் டிராம்பே பக்கம் புகைமூட்டத்தில் மலை இருப்பதும் இல்லாததுமாகத் தெரிந்தது.

"நான் பட்டாளத்துல சேரப் போறேன். குதிக்கிற படைல. ஆக்ராலேர்ந்து ஆள் எடுக்க வந்திருக்காங்க. ஓடிக் காட்டிட்டேன், டாக்டரும் பாத்தாச்சு."

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் செம்பூரில் ஒரு சினிமா ஸ்டுடியோவிலிருந்து அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். வாத்தியக் குழுவில் நிரந்தரமாக ஒரு நாற்காலி. அவன் உள்ளே போனால் என்னையும் இழுத்துக்கொள்வதாகப் பேச்சு.

"ஸ்டுடியோவை விட்டுட்டா? பைத்தியமாடா நீ?"

"ஸ்டுடியோல ஊதப் பிடிக்கும்லே. சந்தோஷமா ஊதுவேன். ஆனா இது வேணும்."

"எதுக்கு வேணும்?"

பருந்துகள் எங்களுக்குக் கீழே சுற்றிக்கொண்டிருந்தன. கடைசியில், "எதுக்குன்னு தெரிஞ்சிருந்தா ஒனக்குச் சொல்லி, நீ அதுக்கு ஒரு பதில் சொல்லி, நானும் சரின்னுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றான்.

இனி சொல்லப்போவதில் என் பங்கும் இருக்கிறது. அந்த வாரமே பாத்திமுத்து அம்மாள் என்னைத் தேடி மாட்டுங்காவுக்கு வந்தார். எங்கள் வீட்டு முகவரிச் சீட்டை வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் நீட்டி நீட்டி வந்து சேர்ந்திருக்கிறார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்தார்.

"அவன் போயிருவான் தம்பி. நிறுத்த முடியாது. அங்கேயே குதிக்காத வேல ஒண்ணு குடுக்க மாட்டாங்களா? நீங்க இங்கிலீஷ்ல எழுதிக் கேக்க முடியுமா?"

ராணுவ பேண்டு எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அடுத்த நாள் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கடிதம் டைப் அடித்தேன். என் மகன் தாராவியிலேயே முதல்தரமான கிளாரினெட் கலைஞன், விதவையான எனக்கு ஒரே பிள்ளை, தயவுசெய்து அவனை பேண்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. அந்த அம்மாள் தமிழில் கையெழுத்துப் போட்டார். தாயின் கண்ணீருக்காக மட்டும் எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். பேண்டில் இருந்தால் பக்கத்தில் எங்காவது இருப்பான், லீவில் வந்து எங்களோடு வாசிப்பான் என்ற நப்பாசை எனக்கும் இருந்தது. மைதீனிடம் இருவரும் மூச்சு விடவில்லை.

கடிதம் வேலை செய்தது. கொலாபா பக்கத்து முகாமுக்கு, வாத்தியத்தோடும் தாயாரோடும் வரும்படி அவனுக்கு உத்தரவு வந்தது. மொழிபெயர்த்துச் சொல்லத் துபாஷியாக நானும் போனேன். ஓடு வேய்ந்த நீளமான அறை. ஜன்னலுக்கு வெளியே கடல் வெளிச்சம். மேஜைக்குப் பின்னால் ஒரு மேஜர், அவர் கையில் நான் டைப் அடித்த காகிதம். பக்கத்தில் நரைத்த மீசையோடு பேண்டு மாஸ்டர். மைதீன் அந்தக் காகிதத்தைப் பார்த்தான், உம்மாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். எல்லாம் அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது.

"உனக்கு நன்றாகத் தெரிந்ததை வாசி" என்றார் பேண்டு மாஸ்டர்.

அவன் எடுத்தது மாவு மில் மாடியில் நூறு தடவையாவது வாசித்த மெட்டு. முதல் அடியிலேயே கீச்சென்று ஒரு சத்தம். ஊதுகிற முனையில் இருக்கும் நாணல் தகடு, ரீட், ஈரமில்லை என்று நினைத்தேன். இரண்டாவது அடியில் மூச்சு பாதியில் அறுந்தது. மூன்றாவதில் தாளம் நழுவியது. என் தொடையில் நானே தட்டிக்கொண்டு பிடிக்கப் பார்த்தேன், அகப்படவில்லை. கற்றுக்குட்டி எந்தெந்த இடத்தில் தடுக்குவானோ அந்தந்த இடத்தில் மிகச் சரியாகத் தடுக்கினான். காது இரண்டும் சிவந்துவிட்டன. நெற்றியில் வியர்வை. ஊர்வலக் கூச்சலிலும் ஒரு சுரம் பிசகாதவன், அந்த அமைதியான அறையில் நின்றுகொண்டு தன் வாத்தியத்தைத் தானே அவமானப்படுத்திக்கொண்டிருந்தான். பேண்டு மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேஜர் கெட்ட மனிதரல்ல. கடிதத்தை மறுபடி படித்துவிட்டு, பாத்திமுத்து அம்மாளிடம் இந்தியில் நிதானமாகக் கேட்டார். அதை நான் தமிழில் சொன்னேன்: "உங்க பிள்ளை எப்பவும் இப்படித்தான் வாசிப்பானா, இல்லை இன்னிக்கு பயந்துட்டானான்னு கேக்கறார். நீங்க சொன்னா இன்னொரு தடவை வாசிக்கச் சொல்றாராம். நன்னா வாசிச்சா பேண்டிலேயே எடுத்துக்கறாளாம்."

அந்த அம்மாள் வந்த காரியம் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். 'வேணும்னு தப்பா ஊதுறான்' என்று சொன்னால் போதும். அவர் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். மைதீன் நிமிரவில்லை. கிளாரினெட்டின் சாவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான். வெளியே யாரோ படையை இடது வலது என்று நடத்திக்கொண்டு போனார்கள். அந்தக் காலடிச் சத்தம் முழுவதும் தேய்ந்தது.

"அவன் எப்பவும் இப்படித்தான் ஊதுவான்" என்றார். "பெத்தவ ஆசையில கூட்டி எழுதிட்டேன், மன்னிச்சுக்கச் சொல்லுங்க தம்பி."

இப்போது என் முறை. அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் நானும் மைதீனும்தான். அவன் வாயைத் திறக்க மாட்டான். நான் எதைச் சொன்னாலும் அதுதான் அந்த அம்மாள் சொன்னதாக ஆகும். ஸ்டுடியோவும் மாவு மில் மாடியும் ஞாயிற்றுக்கிழமைகளும் என் நாக்கு நுனியில் இருந்தன. மேஜர் காத்திருந்தார். நான் அந்த அம்மாள் சொன்னதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இந்தியில் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். அந்த அம்மாளின் குரலில் இருந்த நிதானம்தான் காரணமாக இருக்க வேண்டும். அதை மாற்ற எனக்குக் கூசியது.

மைதீனைக் குதிக்கிற படைக்கே எடுத்துக்கொண்டு, காகிதங்களில் கையெழுத்து வாங்க முகாமிலேயே நிறுத்திக்கொண்டார்கள். பாத்திமுத்து அம்மாளும் நானும் வி.டி.யில் ரயில் ஏறினோம். மஸ்ஜித், பைகுல்லா, பரேல் என்று ஸ்டேஷன்கள் போய்க்கொண்டிருந்தன. தாதர் தாண்டிய பிறகுதான் அவர் பேசினார்.

"கேட்டியா தம்பி, எம்புட்டுக் கஷ்டப்பட்டுத் தப்பா ஊதுனான்?"

"ஏன் உம்மா அப்படிச் சொன்னீங்க?"

"பொறந்ததுலேர்ந்து எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல அவன். சட்டை வேணும்னு கேட்டதில்ல, பண்டம் வேணும்னு கேட்டதில்ல. இன்னைக்குத்தான் கேட்டான், அத்தன பேரு முன்னால, வாயத் தொறக்காம. இல்லன்னு சொல்ல எனக்கு வரல."

அதுவரை என்னை 'நீங்க' என்று சொல்லிவந்தவர் அன்றிலிருந்து 'நீ' என்றார்.

மைதீன் ஆக்ராவுக்குப் புறப்பட்ட அன்று, பிளாட்பாரத்தில் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து என்னைக் கிட்டே கூப்பிட்டான். "லெட்டர் நீதானல அடிச்ச?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். "இங்கிலீஷ்ல 'ஹம்ப்ளி'ன்னு எழுத எங்க உம்மாவுக்கு உன்ன விட்டா எவன் இருக்கான்?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பில்லாமல், "ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வீட்டுக்குப் போ. உம்மாவுக்குப் பேச்சுத் துணை இல்ல" என்றான். கிளாரினெட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான்.

அதனால் என் ஞாயிற்றுக்கிழமைகள் தாராவிக்குப் போயின. பதப்படுத்தக் காயப்போட்ட தோல்களுக்கு நடுவே குனிந்து குனிந்து போக வேண்டும். வீட்டில் பாலில்லாத சாயாவும், நான் படித்துச் சொல்ல வேண்டிய மைதீனின் கடிதமும் காத்திருக்கும். முனிசிபல் பள்ளியில் நாலாவது வரை படித்த தமிழ் அவனுடையது. ஒற்றெழுத்தெல்லாம் ஊரிலேயே நின்றுவிட்டிருக்கும், கடிதத்தில் வராது. ஓட்டம், தண்டனை, சப்பாத்தி, குளிர் என்று ஒரு வருஷம் போயிற்று. பிறகு ஒருநாள் அந்தக் கடிதம் வந்தது. அதை அந்த அம்மாள் எத்தனை தடவை படிக்கச் சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை. ஆகவே எனக்கு மனப்பாடம்.

'உம்மா, நேத்து குதிச்சேன். அந்த அண்ணன் சொன்னது நெசம். மொதல்ல ஒண்ணுமே கேக்கல. அப்புறம் கீழ ஒரு பொம்பள யாரையோ சாப்பிடக் கூப்பிட்டா. அவ மூஞ்சி தெரியல, வீடு தெரியல. கூப்பிட்டது மட்டும் எனக்குத் தெளிவாக் கேட்டுது.'

"யாரக் கூப்பிட்டாளாம்?" என்று கேட்டார் பாத்திமுத்து அம்மாள்.

"அது எழுதலை உம்மா."

"பேரு கேட்டிருக்கும். எழுத மறந்திருப்பான்" என்றவர், கொஞ்சம் கழித்து, "அவ ஆக்கி வச்சது ஆறுறதுக்குள்ள வந்திருப்பானா அந்தப் புள்ள?" என்று கவலைப்பட்டார்.

அந்த வருஷமே பாகிஸ்தானோடு சண்டை வந்தது. கடிதம் நின்றுபோயிற்று. பம்பாயில் ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் போனால் அந்த அம்மாள் எதுவும் கேட்க மாட்டார். பழைய கடிதத்தை எடுத்து என் முன்னால் வைப்பார். நான் படிப்பேன். ஆறாவது வாரம் ஒரு கார்டு வந்தது: 'நல்லா இருக்கேன். கால்ல அடி. லீவு கிடைச்சா வாரேன்.' அதைப் படித்ததும் அவர் எழுந்து வாசலுக்குப் போய், காய்கிற தோல்களைப் பார்த்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

குளிர்காலத்தில் வந்தான். இடது காலை லேசாக இழுத்து நடந்தான். குதிக்கிற வரிசையில் எப்போதும் அவனுக்கு முன்னால் நிற்பவன் சண்டையிலிருந்து திரும்பவில்லை என்று ஒரு தடவை மட்டும் சொன்னான். உம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய சேலையில் சுற்றிவைத்த கிளாரினெட்டை எடுத்துக்கொடுத்தார். மாதாமாதம் தவறாமல் சாவிகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவியிருக்கிறார். எல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தன. மைதீன் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்தான். அவன் அவ்வளவு நேரம் தலை குனிந்து வேலை செய்ததையும், உம்மா எதிரில் கால் நீட்டி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் நினைத்தால், அந்தக் குடிசையில் அன்று பொழுதே நகரவில்லை என்று தோன்றுகிறது.

வாத்தியம் தயாரானதும், "அன்னைக்கு அந்த ஆபீஸர் முன்னால ஊதினியே, அத ஊது" என்றார்.

அவன் வாசித்தான். கூரைத் தகர ஓட்டை வழியாக வெயில் காசு காசாக விழுந்திருந்தது. பட்டறைகளில் தோல் தட்டுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். ஒரு சுரம் பிசகவில்லை. முடிந்ததும் அந்த அம்மாள், "ம், இப்பச் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாயா போட எழுந்துபோனார். மைதீன் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஸ்டுடியோ நாற்காலியில் அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டார். எனக்கும் அந்த வழி அடைபட்டது. நான் கப்பல் கம்பெனியிலேயே தலை நரைத்தேன். ஒருமுறை அவனிடம், வருத்தமில்லையா என்று கேட்டேன். "ரேடியோல கிளாரினெட் வந்தா இருக்கு. பாட்டு முடிஞ்சதும் போயிரும்" என்றான். பொய் சொல்லித் தப்பிக்கத் தெரியாதவன். வாழ்க்கையில் அவன் சொன்ன ஒரே பெரிய பொய்யைக்கூட வாயால் சொல்லவில்லை, ஊதித்தான் சொன்னான்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கால் ஆறியதும் படைக்கே திரும்பினான், கல்யாணம் செய்துகொண்டான், சுபேதாராகி ஓய்வு பெற்றான். உம்மாவின் கடைசி வருஷங்களில் பக்கத்திலேயே இருந்தான். டிராம்பேயில் ஒரு தொழிற்சாலைக்குக் காவல் அதிகாரியானான். செம்பூரில் வீடு வாங்கினான். கட்டடத்துப் பெண்களின் கல்யாணத்தில் கூப்பிட்டால் வந்து ஒரு பாட்டு வாசித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போவான். இரண்டாவது பாட்டுக்கு யாராலும் அவனைச் சம்மதிக்கவைக்க முடிந்ததில்லை.

அடக்கம் செய்த அன்று, நடக்கவே முடியாத மூன்று கிழவர்கள் மெரூன் தொப்பி அணிந்து வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், மைதீனுக்குப் பின்னால் வரிசையில் நின்று குதித்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியில் சொன்னார்: "கதவு திறந்ததும் அவன் முதுகைத்தான் பார்ப்பேன். கல் மாதிரி நிற்பான். அவனைப் பார்த்துத்தான் நான் குதித்தேன்." நான் தலையை ஆட்டினேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஏனென்றால் அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு மத்தியானம் அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். ஷமீமா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தூங்குகிறான் என்று நினைத்திருந்தேன். கண்ணைத் திறக்காமலே, "சங்கரா, ஒனக்கு மட்டும் ஒண்ணு சொல்லுதேன்" என்றான். "ஒவ்வொரு தடவையும் பயம்லே. மொதத் தடவைலேர்ந்து கடைசித் தடவ வரைக்கும். கதவு கிட்டப் போனதும் முட்டி ரெண்டும் ஆடும். பின்னால நிக்கவனுக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னு பூட்ஸ இறுக்கி ஊனிக்குவேன். யார்ட்டயும் சொன்னதில்ல. உம்மாட்ட, வீட்டுக்காரிட்ட, யார்ட்டயும்."

"என்கிட்ட ஏன் சொல்றே?"

"யாராவது ஒருத்தனுக்குத் தெரியணும்லா" என்றான். பிறகு உண்மையிலேயே தூங்கிப்போனான்.

அவனுடைய பதக்கங்கள் ஷமீமாவிடம் இருக்கின்றன. கிளாரினெட்டை அவள் பையன் கேட்டு வாங்கிக்கொண்டான். நேரான முதுகும் வெள்ளை மீசையும் உங்கள் எல்லோருடைய ஞாபகத்திலும் இருக்கும். எனக்கென்று அவன் கொடுத்துவிட்டுப் போனது அந்தப் பயம். அந்தக் கிழவரிடம் சொல்லாததை இங்கே எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். அவனை அறிந்தவர்கள் நீங்கள், உங்களுக்குத் தெரியலாம் என்று தோன்றியது. ஒவ்வொரு தடவையும் அவனுக்கு முழங்கால் ஆடியது. ஒவ்வொரு தடவையும் அவன் கதவு வரைக்கும் நடந்துபோனான்.